மீன் மூஞ்சியும் கருவாடும்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வாழ்த்திப் பேசிய நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, திரையும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய அச்சக உரிமையாளர் அவர்களே, பசியோடு அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. இது எனக்கு இந்த மாதத்தில் நான்காவது.

மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வந்தேன். பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் வதைபடும் பிள்ளை, பெற்றவர்கள், நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்.

இப்போது பார்த்தோமே, லீ ஹிர்ஷ் இயக்கிய ‘புல்லி’ (Bully), அதாவது எளியவனை வதைப்பவன், 2011இல் வந்த அமெரிக்க ஆவணப்படம். அதில் வரும் குடும்பங்களில் இரண்டு, மகனைப் பறிகொடுத்தவை. ஒருவனுக்கு 17 வயது, மற்றவனுக்கு 11. தாமே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். படத்தில் வரும் இன்னொருவன், அயோவா மாநிலத்துச் சிறுவன்; அவனைப் பள்ளி பஸ்ஸில் அடிக்கிறார்கள், கழுத்தைப் பிடிக்கிறார்கள். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மீன் மூஞ்சி’. தாய் கேட்கும்போது, எனக்கு இப்போதெல்லாம் எதுவுமே உறைப்பதில்லை என்கிற மாதிரி சொல்கிறான். அவர்களும் நண்பர்கள் இல்லையென்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறான். பள்ளி நிர்வாகியோ, அந்த பஸ்ஸில் நானே போயிருக்கிறேன், எல்லாம் தங்கமான பிள்ளைகள் என்கிறார்! பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

2012இல் இந்தப் படத்துக்கு, 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று தரச்சான்று கொடுத்தார்கள். காரணம், கெட்ட வார்த்தைகள். அவற்றைப் பேசுவதே பிள்ளைகள்தான்! போகட்டும்.

மீன் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. என் அப்பா சந்தையில் கருவாடு விற்றார். காலையில் கடை விரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவேன். பையில் வாடை இருக்கும். பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் கணக்கு வாத்தியாரே வருகைப் பதிவேட்டைப் பார்த்து, “கருவாடு வந்தாச்சா?” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எவனைத் தடுக்க முடியும்?

நாற்பது வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் என் பேத்தி. இலையில் பாயசம் விழுகிற நேரம், பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய் கருவாடு!” பழைய வகுப்புத் தோழன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டிப்பிடித்தான், கண் கலங்கினான். அன்பில் குறையே இல்லை. பேத்தி, “தாத்தா, யார் கருவாடு?” என்றாள். பாயசத்தை இலையிலேயே விட்டு எழுந்தேன். அவனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. பூனைக்கு விளையாட்டு!

அதனால்தான் நானும் நண்பர்களும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஆசிரியர் வாயில் பட்டப்பெயர் வரக் கூடாது. செல்லமாகக்கூட, சிரிப்புக்காகக்கூட வரக் கூடாது. படத்துப் பள்ளியில் வதைத்தவனையும் வதைபட்டவனையும் கை குலுக்கி முடித்துக்கொள்ளச் சொன்னதைப் பார்த்தீர்கள். கை கொடுக்க மறுத்தவன் வதைபட்ட பையன்; அவன்தான் அங்கே திட்டு வாங்கினான். சமாதானம் பிறகு, முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெற்றவர்களைப் பற்றியும் வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றியும் அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். மனு வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதுங்கள். என்னுடையது முதல் வரியில் இருக்கிறது.