கான்ட் இன்று விண்ணப்பித்தால்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பின்னால் நிற்கும் மாணவர்களே,

மெய்யியல் விரிவுரையாளரின் தொழில்வாழ்க்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு, "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" என்றுதான் தொடங்கும். நியாயமான கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்டுக்கே வேலை லேசில் கிடைக்கவில்லை.

1755இல் அவருடைய சொந்த ஊரான கெனிக்ஸ்பர்க்கின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்ற அவருக்கு உரிமை கிடைத்தது. சம்பளம் இல்லை. வகுப்புக்கு வரும் மாணவர் கொடுக்கும் கட்டணம்தான் வருமானம். நாங்கள் டியூஷன் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆகவே அளவையியல் (தர்க்கம்), ஒழுக்கவியல், கணிதம், புவியியல் என்று எல்லாவற்றையும் எடுத்தார். ஊரைவிட்டு அதிக தூரம் போகாத மனிதர் உலகப் புவியியல் படிப்பித்தார். 1764இல் கவிதைப் பேராசிரியர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். (கவிதை தப்பியது.) அப்புறம் அரண்மனை நூலகத்தில் உதவி நூலகர் வேலை. 1770இல், 46 வயதை நெருங்கும்போதுதான், அளவையியலுக்கும் பௌதீகவதீதத்துக்கும் (மெட்டாபிசிக்ஸ்) பேராசிரியரானார்.

ஆனதும் என்ன செய்தார்? வகுப்பெடுத்தார், யோசித்தார். பதினொரு ஆண்டுகள் பெரிதாக எதையும் வெளியிடவில்லை. 1781இல் 'தூய பகுத்தறிவின் விமர்சனம்' வந்தது.

நம் நாட்டில் படிகள் உங்களுக்குத் தெரியும். தற்காலிக உதவி விரிவுரையாளர், பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், பட்டமேற்படிப்பு முடித்தால் நிரந்தரம், பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர். மேற்படிகளில், வெளியிட்ட கட்டுரைகள், நூல்கள் போன்றவற்றுக்குப் புள்ளி எண்ணுவார்கள். 1771 முதல் 1780 வரை என்ன எழுதினீர் என்று கான்டைக் கேட்டிருந்தால் பாவம், படிவத்தைப் பாதி வெறுமையாகத்தான் கொடுத்திருப்பார். புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு இல்லாத இடத்தில் ஆள் பார்த்துக் கொடுப்பதுதான் மிஞ்சும். ஆனால் கணக்கு அவசரப்படுத்துகிறது.

பேராதனையில் மெய்யியல் படிப்பித்த கே. என். ஜயதிலக்கவைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில், இருபதாம் நூற்றாண்டின் பெரிய மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனின் வகுப்பில் இருந்தவர், பாளியும் கற்றவர். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றிய அவருடைய பெருநூல் 1963இல் வெளிவந்தது. ஏழு வருடம் கழித்து, ஐம்பது வயது நிரம்பும் முன்னே காலமானார். அந்த நூலின் ஒவ்வொரு அதிகாரத்தையும் மூன்று கட்டுரையாக வெட்டியிருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும். நூல் இருந்திருக்காது.

வகுப்பறைக்கு வருவோம். உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' எடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் உண்மை அட்டவணையை (ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் அட்டவணை) கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். "சரி, இதில் நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். கடந்தகால வினாத்தாளில் அந்தக் கேள்வி இல்லையே! அந்தப் பயத்தைக் கழற்றுவதற்கே முதல் வருடம் போய்விடுகிறது. கற்பித்த மணித்தியாலத்தைப் படிவத்தில் எழுதலாம். பின்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "சேர், நீங்கள் சொன்ன முடிவு அந்த எடுகூற்றுகளிலிருந்து வராது" என்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. பதவியுயர்வுக் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். முதலாம் வருட மாணவருக்குத் தமிழில் ஒழுங்கான மெய்யியல் நூலொன்றை எழுத ஒருவர் உட்கார்ந்தால், இரண்டு மூன்று வருடத்துக்கு அவரிடம் கட்டுரை கேட்காதீர்கள். நூலைக் கேளுங்கள். வந்ததும் கடுமையாக வாசித்துப் பாருங்கள்.