இன்டர்நேஷனல் பிசினஸ் நடத்துற வாத்தியாருங்க எங்க போய் கத்துக்கிறது?

(எம்பிஏ ஆசிரியர்கள் கூட்டத்துல பேசினது. கொஞ்சம் சுருக்கி டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். காலையில இருந்து உக்காந்திருக்கீங்க, டீ வேற இன்னும் வரல, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஒரு வாரம் எஃப்டிபி, அதாவது வாத்தியாருங்களுக்கான பயிற்சி வகுப்பு, கடைசி நாள் குரூப் போட்டோ, சர்டிஃபிகேட்டை வாங்கி அப்ரைசல் ஃபைல்ல சொருகியாச்சு. என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா பாதிப் பேரு சாப்பாடு நல்லா இருந்துச்சுங்கறாங்க. குத்தம் சொல்லல, மேனேஜ்மென்ட் கேக்குறதே அந்த காகிதத்தைத்தானே. ஆனா நம்ம இன்டர்நேஷனல் பிசினஸ் சப்ஜெக்டுக்கு அது பத்தாதுங்க.

லெட்டர் ஆஃப் கிரெடிட்டையே (எல்.சி.) எடுத்துக்கோங்க, கேட்ட டாக்குமென்ட் சரியா இருந்தா எக்ஸ்போர்ட்டருக்குப் பணம் தர்றோம்னு பையரோட பேங்க் குடுக்குற உறுதி. போர்டுல நாலு கட்டம் போட்டு அம்புக்குறி வரைஞ்சு நடத்திடுறோம். நிஜ எல்.சி. ஒண்ண கையில வாங்கி படிச்சவங்க எத்தனை பேரு, கை தூக்குங்க... சரி, எறக்கிடுங்க. அதுல கடைசி ஷிப்மென்ட் தேதி ஆகஸ்ட் 31னு இருக்கும், கப்பல் கம்பெனி குடுக்குற சரக்கு ரசீது, அதான் பில் ஆஃப் லேடிங், அதுல சரக்கு ஏறின தேதி செப்டம்பர் 1னு விழுந்திருக்கும். ஒரே ஒரு நாள். அனுப்பின பனியன் நல்ல பனியன்தான், கலர் சரி, அளவு சரி, ஆனா பேங்க் பனியனைப் பாக்காது, டாக்குமென்ட்டைத்தான் பாக்கும், எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பு யூசிபி 600, அதுல விதியே அப்படித்தான், டாக்குமென்ட்டைப் பாக்க பேங்குக்கு அதிகபட்சம் அஞ்சு வேலை நாள், அதுக்குள்ள டிஸ்கிரிபன்சி, அதாவது முரண்பாடு இருக்குன்னு சொல்லி பணத்தை நிறுத்திடுவாங்க. அப்புறம் பையர்கிட்ட கெஞ்சணும், அவரு இதான் சாக்குன்னு தள்ளுபடி கேப்பாரு. திருப்பூர்ல டாக்குமென்டேஷன் பாக்குற எந்தப் பையனைக் கேட்டாலும் இதை மூச்சுவிடாம சொல்லுவான். செமஸ்டர் லீவுல ரெண்டு வாரம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்லயோ, கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்லயோ போய் உக்காருங்க, என்னைக் கேட்டா அதுதான் முதல் எஃப்டிபி.

இந்த மாதிரி இன்டர்நேஷனல் பிசினஸ் கல்விக்கு அமெரிக்காக்காரன் சட்டமே போட்டான், 1988ல. அந்த வர்த்தகச் சட்டத்துல வந்ததுதான் சைபர்ங்கற (CIBER, கம்ப்யூட்டர் சைபர் இல்ல) சென்டர்கள், யூனிவர்சிட்டிகள்ல இன்டர்நேஷனல் பிசினஸ் கல்விக்குன்னே. அதுல சில சென்டர்கள் வாத்தியாருங்களை வெளிநாட்டுக்கு கூட்டிட்டுப் போய் கம்பெனி கம்பெனியா காட்டுச்சு, இந்தியாவுக்கும் வந்திருக்காங்க. அவ்ளோ தூரத்துல இருந்து வந்து பாக்குறாங்க, நமக்கு பஸ் டிக்கெட் காசுதான், போறதில்ல.

ரிசர்ச்சும் அதே கதைதான். கைடு சொன்னாருன்னு 400 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, அதையும் நம்ம ஸ்டூடன்ட்ஸையே நிரப்பச் சொல்லி, எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல போட்டு ஒரு டேபிள் எடுத்து... வேணாம், சிரிக்காதீங்க, நமக்கு நல்லாவே தெரியும். உப்சாலா மாடல்னு எல்லாரும் நடத்துறோமே, கம்பெனி முதல்ல பக்கத்து, பழகின நாட்டுக்குப் போகும், அப்புறம் படிப்படியா தூரமா போகும்னு, அதுக்கு முன்னோடியா 1975ல வந்த ஆய்வு நாலே நாலு ஸ்வீடன் கம்பெனியை வச்சு செஞ்சது. சாண்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபாசிட், வோல்வோ, அவ்ளோதான். ஒவ்வொரு கம்பெனியும் எந்த வருஷம் எந்த நாட்டுல ஏஜென்ட் வச்சது, எப்போ சொந்தக் கிளை திறந்ததுன்னு பொறுமையா தேடிப் பாத்திருக்காங்க. 1977ல யோஹான்சனும் வால்னேவும் அதை மாடலா எழுதினாங்க, 2009ல அவங்களே திரும்ப வந்து, அந்த நாட்டு வியாபார உறவு நெட்வொர்க்குக்கு வெளிய நிக்கிறதுதான் பெரிய சிக்கல்னு அந்த மாடலை மாத்தி எழுதினாங்க. இதே கேள்வியை கரூர் ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனிகள்ல கேட்டா என்ன வரும்? எனக்கு இது ரொம்ப நாளா ஆசை, யாராவது செய்ங்கப்பா.

அப்படி கையில ஒரு அரைகுறை டிராஃப்ட் இருந்தாத்தான் வெளிய இருக்கிற வாய்ப்புக்கே அர்த்தம் வரும். அகாடமி ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ், ஏஐபி, 1959ல ஆரம்பிச்ச சங்கம், ஜிப்ஸ் (ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்டடீஸ்) ஜர்னல் இவங்களோடதுதான். வருஷாந்தர கான்ஃபரன்ஸ்ல பி.ஹெச்டி பண்றவங்களுக்கு டாக்டோரல் கன்சார்டியம்ங்கற தனிக் கூட்டம், புதுசா வேலைக்கு வந்தவங்களுக்குத் தனி செஷன், இதெல்லாம் வச்சிருக்காங்க. பேப்பர் டெவலப்மென்ட் வொர்க்ஷாப்னா உங்க டிராஃப்டை ஒரு சீனியர் ஆளு முன்னாடியே படிச்சிட்டு வந்து எதிர்ல உக்காந்து, இந்த மூணாவது ஹைப்போதீசிஸ் (கருதுகோள்) எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாரு. வியர்க்கும். ஆனா அந்த அரைமணி நேரம் எந்த எஃப்டிபிலயும் கிடைக்காது. ஐரோப்பாவுல 1974ல இருந்து இதே மாதிரி இபாங்கற (EIBA) சங்கம் இருக்கு, அங்கயும் ஜான் டன்னிங்ங்கற இன்டர்நேஷனல் பிசினஸ் அறிஞர் பேர்ல பி.ஹெச்டி பண்றவங்களுக்கு டாக்டோரல் டுடோரியல் உண்டு. ஏஐபிக்கு நம்ம பக்கத்துக்குன்னே ஒரு சாப்டர், அதாவது கிளை இருக்கு, அதுல ஆரம்பிச்சா செலவு குறையும்.

வெளியூரே போக முடியாதவங்க எக்ஸ்-கல்ச்சர்ங்கற ஆன்லைன் திட்டத்தைப் பாருங்க. 2010ல வடக்கு கரோலினாவுல ஒரு பேராசிரியர் ஆரம்பிச்சது. உங்க பசங்களும் வேற வேற நாட்டு பசங்களும் ஒரே டீமா, ஆன்லைன்லயே ஒரு கம்பெனியோட நிஜப் பிரச்சனைக்கு ரிப்போர்ட் எழுதணும். பிரேசில் பையன் மீட்டிங்குக்கு வரலேன்னு நம்ம பொண்ணு ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போட்டு சண்டை போடுவா. நாடுகளோட கலாச்சாரத்தை மார்க் போட்டு ஒப்பிடுற ஹாஃப்ஸ்டெட் சார்ட்டை மனப்பாடம் பண்றதைவிட இது உருப்படி. உங்களுக்கும் மத்த நாட்டு வாத்தியாருங்க பழக்கமாவாங்க, அங்கருந்து சேர்ந்து பேப்பர் எழுதுற வாய்ப்பும் வரும். கிளாஸுக்கு நாட்டு விவரம் வேணும்னா மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியோட குளோபல்எட்ஜ் வெப்சைட் சும்மாவே கிடைக்குது.

ஒண்ணு மட்டும், போலி கான்ஃபரன்ஸ்கிட்ட உஷாரா இருங்க. மெயில்ல "மதிப்புக்குரிய பேராசிரியரே"ன்னு ஆரம்பிச்சு, ஒரே நாள்ல பேப்பரை ஏத்துக்கிட்டு, உடனே பணம் கட்டச் சொன்னா டெலீட் பண்ணிடுங்க. பேங்காக்ல ஓட்டல் ரூம்ல நாலு பேரு முன்னாடி படிச்சிட்டு வர்றதுக்கு பி.எஃப் லோன் போட்டவங்களை எனக்குத் தெரியும்.

ஏஐபிக்கு பேப்பர் அனுப்புற கெடு பொதுவா ஜனவரி வாக்குல வரும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பாத்துக்கோங்க. டிராஃப்ட் வச்சிருக்கவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் என்கிட்ட வாங்க, முன்னுரையே பத்து பக்கம்னா வெட்டிட்டு வாங்க. இதோ, டீ வந்துடுச்சு.