மனத்தடை நீங்க: பயிற்சியா, பற்றின்மையா? ('பற்றின்மையே' அணியின் உரை)

நடுவர் அய்யாவுக்கும், தை மாதக் குளிரையும் பார்க்காமல் போர்வையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கோபிச்செட்டிபாளையத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

'மனம் தடையில்லாமல் இருக்கப் பெரிதும் துணை செய்வது பயிற்சியா, பற்றின்மையா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி கீதையின் 6-ஆம் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டார். மனம் காற்றைப் போல அடங்காதது என்று அர்ச்சுனன் புலம்ப, பயிற்சியால் பிடிக்கலாம் என்று கண்ணன் சொன்னாராம். சரி தம்பி, அந்த வரியை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? 'பயிற்சியாலும் பற்றின்மையாலும்' என்றல்லவா அது முடிகிறது! யோகத்துக்கு மூல நூலான யோக சூத்திரத்தை எழுதிய பதஞ்சலியும் அதன் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். இரண்டும் வேண்டும், அதில் வழக்கில்லை. எது பெரிது என்பதுதான் பேச்சு.

மனத்துக்கு 9 தடைகள் என்கிறார் பதஞ்சலி. நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், ஆசை விடாமை, தப்பான பார்வை, நிலையை எட்டாமை, எட்டினாலும் அதில் நிலைக்காமை. நோயும் சோம்பலும் ஆசனத்தில் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆசை விடாமை எந்த ஆசனத்தில் போகும்? நாம் தலைகீழாக நின்றால் ஆசையும் கூடவே தலைகீழாக நிற்கும், அவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா விடியற்காலையில் வீட்டு ஆசாரக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார். முதுகு வளையாது, மூச்சு சீராகப் போகும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும். கண் மூடியபடியே இருக்கும், புருவம் மட்டும் நெரியும். நம்ம முறைத் தண்ணியை எடுக்கிறானோ? கொஞ்ச நேரத்தில் ஒரு கண் திறக்கும். அப்புறம், "டேய், போய்ப் பாருடா" என்று குரல் வரும். மூச்சை அடக்கத் தெரிந்த மனுசனுக்கு ஒரு வரப்புத் தகராறை விடத் தெரியவில்லை. பங்காளியோடு நடந்த அந்த வழக்கை விட்டொழித்த பிறகு மோட்டார் ஓடினாலும் புருவம் அசையவில்லை. பாயும் அதே பாய், மூச்சும் அதே மூச்சுதானுங்க.

நான்காம் பாதத்தில் பதஞ்சலி ஓர் உழவரைக் கூட்டி வருகிறார். அந்த நூலுக்கு வியாசர் எழுதிய உரை அதை விரிக்கிறது: உழவர் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டு போவதில்லை. தடுப்பை உடைக்கிறார், தண்ணீர் தானே பாய்கிறது. கொடிவேரி அணையில் பிரிந்து தடப்பள்ளி வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பாய்ச்சுகிற உங்களுக்கு இதை நான் விளக்கினால் சிரிப்பீர்கள். அது ஒரு பிறவி இன்னொரு பிறவியாக மாறுவதைப் பேசும் இடம் என்று எதிரணி எழும்பும். ஆமாங்க, அந்த இடம்தான். ஆனாலும் இயல்பு தானே வந்து நிரம்பும், நம் வேலை தடையை எடுப்பதே என்கிற கணக்கு மனத்துக்கும் பொருந்தும். மடை வெட்ட மம்பட்டி பிடிக்கணுமே, அது பயிற்சிதானே என்பார்கள். பிடிக்கணும். தண்ணீர் பாய்ந்த பிறகும் கொத்திக்கொண்டே இருந்தால் வரப்பு மிஞ்சாது!

ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் உடற்பயிற்சியை அந்த அணி அம்மணி மெச்சினார். நானும் மெச்சுகிறேன். ஆனால் மகரிஷி அதோடு நிறுத்தவில்லை. ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்கும் அகத்தாய்வையும் வைத்தார். அதுவும் பயிற்சிதான் என்று முணுமுணுப்பது கேட்கிறது. எதற்கான பயிற்சி? விடுவதற்கான பயிற்சி.

கடைசியாக மூன்றாம் பாதம். எதிரணியில் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை, காரணம் இருக்கிறது. பயிற்சி முற்றினால் கிடைக்கும் சித்திகளை, அதாவது அபூர்வ ஆற்றல்களை, வரிசையாகச் சொல்லிவரும் பதஞ்சலி, நடுவிலேயே இவை மனம் முழுதாக ஒன்றி அடங்கும் சமாதி நிலைக்கு இடையூறு என்று சொல்லிவிடுகிறார். பயிற்சி கொடுத்த பரிசே குறுக்கே நிற்கிறது! அதைத் தாண்ட இன்னொரு பயிற்சியா சொன்னார்? எல்லாம் அறியும் ஆற்றல் வந்தாலும், அதன்மீதும் பற்று அற்றால்தான் கைவல்யம் என்னும் முழு விடுதலை என்கிறார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் அண்ணன் யோகத்தின் எட்டு அங்கங்களையும் விரல் விட்டு எண்ணப் போகிறார், தெரியும். எண்ணட்டும். முதலில் இந்த மூன்றாம் பாதத்துக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு எண்ணட்டும். வணக்கமுங்க.