அறுபது வயதிலும் அசைகிற மூக்கு

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தி, இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சில் பிழை பார்க்கக் காத்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆண்டுதோறும் நமக்குச் சுண்டலும் தேநீரும் வழங்கும் எண்ணெய் மண்டி அண்ணாச்சி அவர்களே, மைக் செட் தம்பி, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், ஒரு புத்தகம் போதும் என்று சென்ற ஆண்டே சொல்லியிருந்தேன். இந்த ஆண்டு இரண்டையும் கொடுத்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. பொன்னாடையை அடுத்துப் பேச வருகிற தோழருக்குப் போர்த்திக்கொள்ளலாம். நமக்கும் செலவு மிச்சம்.

எனக்குத் தந்த தலைப்பு 'தொலைக்காட்சியும் சமுதாயமும்'. சமுதாயத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். இன்றைக்கு ஒரே ஒரு தொடர். பெயர் 'பிவிட்ச்ட்'. 1964 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. எட்டு சீசன், 254 பகுதிகள், 1972 வரை. வந்த முதல் ஆண்டிலேயே அந்த நாட்டில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் இரண்டாம் இடம். நாயகி சமந்தா. பின்வரிசைத் தம்பிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நீங்கள் நினைக்கிற சமந்தா இல்லை, தம்பி. இந்த சமந்தா ஒரு சூனியக்காரி. நடித்தவர் எலிசபெத் மாண்ட்கோமரி. மூக்கை லேசாக அசைத்தால் நினைத்தது நடக்கும். ஆனால் கட்டிக்கொண்டது டாரின் என்ற சாதாரண மனிதனை. நியூயார்க்கில் விளம்பர நிறுவன வேலை, புறநகரில் வீடு. அவன் கேட்கிறான், 'மந்திரம் எல்லாம் வேண்டாம், மற்ற பெண்களைப் போல இரு' என்று. அவளும் சரி என்கிறாள். அந்த வாக்கை அவள் எத்தனை முறை மீறுகிறாள் என்பதுதான் 254 பகுதிகளும்.

இது ஏன் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது? நான்கு காரணம் சொல்லப் போகிறேன். ஒன்று, மாமியார். இரண்டு, தந்திரக் காட்சி. மூன்று, பள்ளிப் பிள்ளைகள். நான்கு, சேலம். நம் மாம்பழச் சேலம் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது, அது. எல்லாவற்றுக்கும் அடியில் என் பாட்டி ஓயாமல் சொல்லும் பழமொழி இருக்கிறது: உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும், அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும். இன்றைக்கு இதைச் சில தடவை கேட்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரில் தொடங்குகிறேன். நம் ஊர்த் தொடர்களில் மாமியார் மருமகளைப் படுத்துவார். அங்கே பெண்ணின் அம்மா எண்டோரா, மருமகனைப் படுத்துகிறார். மருமகன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டார். டர்வுட் என்பார், வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு பகுதியில் அவனை ஓநாய் மனிதனாக்கிவிடுகிறார். இந்த எண்டோராவாக நடித்த அக்னெஸ் மூர்ஹெட், ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் குழுவில் மேடையும் வானொலியும் கண்ட பெரிய நடிகை. புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினால் போதும், டாரினுக்கு மட்டுமில்லை, பார்க்கிற நமக்கும் பயம் வரும். 90களில் கேபிள் வந்த புதிதில் இந்தத் தொடர் இந்தி பேசிக்கொண்டு நம் வீடுகளுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. மாமியார் திட்டுவதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? என் அத்தை ஒரு நாள்கூட விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு என் மாமாவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அடுத்தது தந்திரம். இன்றைக்குக் கணினியில் செய்கிற வேலையை அன்று மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள். சமந்தா கையை உயர்த்துகிறாள் என்று வையுங்கள். இயக்குநர் நிறுத்து என்பார். கேமராவை நிறுத்திவிடுவார்கள். மாண்ட்கோமரி உயர்த்திய கையை இறக்காமல் சிலையாக நிற்க வேண்டும். உதவியாட்கள் ஓடிவந்து சமையலறைக் குப்பையை எல்லாம் எடுத்துவிட்டு ஓட வேண்டும். மறுபடி கேமரா ஓடும். நமக்கு ஒரு நொடியில் வீடு சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். மந்திரத்தால் செய்யும் வீட்டு வேலை என்று நாம் பார்த்ததெல்லாம் நிஜமாகவே நாலைந்து பேர் கையால் செய்த வீட்டு வேலை! தாய்மார்கள் சிரிப்பதன் அர்த்தம் எனக்குப் புரிகிறது.

இந்தத் தொடரின் வெற்றியைப் பார்த்துவிட்டுப் போட்டித் தொலைக்காட்சியான என்பிசி 1965இல் ஒரு பெண் பூதத்தை இறக்கியது, 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி'. அதற்குத் தூண்டுதல் 'தி பிராஸ் பாட்டில்' என்ற 1964ஆம் ஆண்டுப் படம். அதே படத்தின் சாயலில்தான் 1967இல் நம் 'பட்டணத்தில் பூதம்' வந்தது, ஜாவர் சீதாராமன் பூதமாக. அப்படிப் பார்த்தால் அவர்கள் ஜீனியும் நம் பூதமும் பங்காளிகள். நிற்க.

மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகள். இங்கே பள்ளி மாணவர்கள் வந்திருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1970 டிசம்பர் 24 அன்று வந்த 'சிஸ்டர்ஸ் அட் ஹார்ட்' என்ற பகுதிக்கான கதை லாஸ் ஏஞ்சலஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களுடையது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். சமந்தாவின் மகள் தபிதாவும் அவள் கறுப்பினத் தோழியும் அக்கா தங்கை ஆக ஆசைப்படுகிறார்கள். தபிதா மந்திரம் போட, வெள்ளைப் பிள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி, கறுப்புப் பிள்ளை உடம்பில் வெள்ளைப் புள்ளி. சிரிப்புத் தொடரில் நிறவெறி பிடித்த ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்தி வெட்கப்பட வைத்தார்கள். மாண்ட்கோமரிக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் பற்றி இன்னும் சொல்ல நிறைய உண்டு. ஆனால் செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். காட்டட்டும், நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மாமியாரும் தந்திரமும் நல்ல கதையும் வேறு தொடர்களிலும் இருந்தன. அவை எங்கே? பிவிட்ச்ட் இன்றைக்கும் பார்க்கக் கிடைப்பதற்கு முதல் காரணம், அது இன்றைக்கும் இருப்பதுதான். 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்த முதல் இரண்டு சீசன்களைக்கூட 2005இல் வண்ணம் ஏற்றி டிவிடியாக விற்க முடிந்தது. அதே அமெரிக்காவில் ஜானி கார்சன் என்ற பெரிய நட்சத்திரத்தின் 1960களின் இரவு நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இன்று இல்லை. வீடியோ டேப் விலை அதிகம் என்று அழித்து அழித்து மேலே பதிந்தார்கள். முதுகுவலியோடு ஐந்து ஆண்டு டாரினாக நடித்த டிக் யார்க், 1959இல் ஒரு படப்பிடிப்பில் பட்ட அடியால் நிற்கக்கூட முடியாமல் 1969இல் விலகினார். டிக் சார்ஜென்ட் வந்தார். பக்கத்து வீட்டு கிளாடிஸாக வந்த ஆலிஸ் பியர்ஸ் புற்றுநோயோடு நடித்து 1966இல் இறந்த பிறகுதான் அவருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. இவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரிவது அந்தப் பிலிம் சுருள்கள் பிழைத்ததால். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும்.

என் சித்தி கதையைச் சொன்னால்தான் இது உறைக்கும். அவர் கல்யாணத்தை வீடியோ எடுத்தார்கள். ஒரே ஒரு கேசட். சித்தியின் அப்பாவுக்கு அதற்கு முன்னும் பின்னும் வீடியோ கிடையாது. கல்யாணத்தன்றும் மனிதர் சமையல்கட்டு, பந்தி, ஐஸ் வாங்க ஆள் அனுப்புவது என்று ஓடிக்கொண்டே இருந்தார். கேமரா முன் நிற்பது தாரை வார்த்துக் கொடுக்கிற இடத்தில்தான். கல்யாணமாகி ஓராண்டுக்குள் அவர் காலமாகிவிட்டார். 1996 மார்ச் 9, பெங்களூரில் உலகக் கோப்பைக் காலிறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். சித்தப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட். பீரோவில் கையில் கிடைத்த கேசட்டைச் செருகி, 'தம்பி, ரெக்கார்ட் அழுத்திடு' என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன் ஆட்டத்தில் மூழ்கிவிட்டான். அமீர் சோஹைல் ஒரு பவுண்டரி அடித்து வெங்கடேஷ் பிரசாத்தைப் பார்த்து மட்டையை நீட்டிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. அழுத்தினான்.

அப்பாவின் திதிக்குச் சொந்தமெல்லாம் கூடியபோது, 'அப்பாவைப் பார்க்கலாம்' என்று சித்தி கேசட்டைப் போட்டார். அறை நிறைய ஜனம். மாப்பிள்ளை அழைப்பு ஓடுகிறது. முகூர்த்தம். அப்பா மணவறைக்கு வருகிறார், மேல்துண்டைச் சரிசெய்கிறார், பெண்ணின் கையைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார். திரையில் ஒரு கோடு. பிரசாத் ஓடி வருகிறார். சோஹைல் போல்டு! கூடியிருந்தவர்களில் ஒரு சிறுவன் பழக்கத்தில் கைதட்டிவிட்டான். சித்தப்பா சுவரைப் பார்க்கிறார். சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'மேட்ச் ஜெயிச்சோமா?' 'ஜெயிச்சோம்' என்றார் சித்தப்பா, '39 ரன்னு.' சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும்.

இது ஒரு வீட்டுக் கதை. நாட்டுக் கதையும் இதுதான். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. பிரதி இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', அதுவும் இல்லை. பிவிட்ச்ட் தொடங்கிய அதே 1964இல்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள்; காளிதாஸுக்கு அது 33 ஆண்டு தாமதம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. அந்த முதல் ஆண்டுகளின் நாடகங்களில் எத்தனையை இன்று போட்டுப் பார்க்க முடியும்? நம் ஊர் தேர்த் திருவிழா, பழைய பட்டிமன்றம், மூடிவிட்ட நாடகக் குழு, இவையெல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் கேசட்டாகக் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைத் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. இனி ஓடுகிற கருவி ஒவ்வொன்றும் கடைசிக் கருவிதான்.

ஆகவே நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் மேடையிலேயே கேட்கிறேன். நூலகத்தின் மாடியில் உடைந்த நாற்காலி போட்டிருக்கும் அறையைக் கொடுங்கள். ஓடுகிற விசிஆர் இரண்டு என்னிடம் இருக்கின்றன. கணினியில் ஏற்றும் வேலைக்குப் பாலிடெக்னிக் மாணவர்கள் மூவர் வரத் தயார். அறைக்கு மின்இணைப்பும் ஒரு பூட்டும் போதும். தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார். மைக் செட் தம்பி, அதை யாராவது படம் எடுத்தார்களா பாருங்கள்.

சேலம் பாக்கி இருக்கிறது. 1692இல் சூனியக்காரிகள் என்று சொல்லி இருபது பேரைக் கொன்ற ஊரில் 2005இல் சமந்தாவுக்குச் சிலை வைத்தார்கள், ஊரில் எதிர்ப்பு இருந்தது. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். கேசட்டைக் கொண்டு வாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள், டேப் அறுந்துவிடும். மேலே பெயரும் ஆண்டும் எழுதுங்கள். கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள், பிறகு அதன் மேல் எந்த மேட்சையும் பதிய முடியாது. அண்ணாச்சி, சுண்டல் வந்துவிட்டதா?