ஊருக்கு அனுப்பிய பணம் யார் கணக்கில்?

(மும்பை தாராவியில் பொங்கலை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்புப்படி, ஓர் ஆளுக்கு மாதச் செலவு நகரத்தில் 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 ரூபாய். நகரத்தில் சுமார் 70 சதவீதம் கூடுதல். 2011-12இல் இது 84 சதவீதமாக இருந்தது. இடைவெளி குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

கிராமத்தில் நூறு ரூபாயில் 47 ரூபாய் சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. நகரத்தில் 40. சரி, அப்படியானால் நம் கையில் மிச்சம் அதிகமா? ஊரில் ஓட்டு வீடானாலும் சொந்த வீடு. வாடகைக்கு நூற்றில் ஒரு ரூபாய்கூட ஆவதில்லை. நகரத்தில் சராசரி ஆறரை ரூபாய். சொந்த வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் பத்துக்குப் பத்து கோலியில், அந்த ஒற்றை அறையில் குடியிருப்பவரைக் கேளுங்கள், சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகிறதென்று சொல்வார். அப்புறம் டெபாசிட், ரயில் பாஸ், டியூஷன். கணக்கெடுப்பு வீட்டில் விளைந்ததற்கும் ஒரு விலை போட்டுச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் வேலியில் ஒடித்த முருங்கைக்கீரைக்கு ஊர் விலை. இங்கே வாங்கும் கட்டுக்குப் பக்கத்துச் சயான் பகுதியின் விலை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. என் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். சம்பளம் வந்ததும் அம்மா முதலில் எடுத்து வைப்பது அரிசிக்கு அல்ல, நாங்குநேரிப் பக்கம் இருந்த ஆச்சிக்கு அனுப்பும் மணியார்டருக்கு. இப்படி அனுப்பும் பணம் கணக்கெடுப்பில் நகரத்துக் குடும்பத்தின் செலவாக வராது. அந்தப் பணத்தில் ஆச்சி மாத்திரை வாங்கினால் அது கிராமத்துச் செலவு. ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணக் கூடாதே, விதி நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் படிக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆளின் மாதச் செலவு 5,701 ரூபாய், நாட்டின் கிராமச் சராசரியைவிட எவ்வளவோ மேல். அதற்கு அங்குள்ளவர்களின் உழைப்பும் விளைச்சலும் காரணம். இந்தச் சந்துகளில் சிந்திய வியர்வையும் அதில் இருக்கிறது.

அம்மாவின் கணக்கு நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் வரி ‘ஊருக்கு’. ஆச்சி இறந்தபின் அந்த வரி நின்றிருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். அடுத்த மாதம், ‘கோயில் கொடைக்கு’. அதற்கடுத்த மாதம், ‘அத்தை மகள் கல்யாணத்துக்கு’.