வால் வழுக்கினாலும் வண்டி கைக்குள்

நேயர்களுக்கு வணக்கம்.

கார் பந்தயம் என்றால் யார் முதலில் வந்தார் என்று பார்ப்போம். டிரிஃப்டிங்கில் அந்தக் கணக்கே கிடையாது. காரின் மூக்கு வளைவின் உள்பக்கம் பார்க்கிறது, வால் வெளிப்பக்கம் தள்ளிப்போகிறது, வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைவு முழுவதையும் கடக்கிறது. வண்டி கையை விட்டுப் போய்விட்டதென்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஆனால் மோட்டார் பந்தயங்களிலேயே ஓட்டுநரின் கையும் காலும் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிற இடம் வேறு இல்லை என்பது என் கருத்து.

முதலில் டயரைப் பார்ப்போம். டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. காரை முன்னால் தள்ளுவதும் அந்தப் பிடிமானம்தான், பக்கவாட்டில் விலகாமல் காப்பதும் அதுதான். மாதச் சம்பளம் மாதிரி, ஒரு பக்கம் கூடுதலாகச் செலவழித்தால் மறுபக்கம் துண்டு விழும். வளைவில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் பின்சக்கரங்கள் வெறுமனே வேகமாகச் சுழலும். பக்கவாட்டுப் பிடி போய்விடும், வால் வெளியே வரும். பின்சக்கரங்களுக்கு எஞ்சின் விசை போகிற கார்களையே டிரிஃப்டிங்கில் ஓட்டுவது இதனால்தான். அந்த இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சுழல வேண்டும் என்பதற்காக, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதியையும் மாற்றி வைப்பார்கள். சிலர் அதை வெல்டிங் செய்தே இறுக்கிவிடுவார்கள்.

வழுக்கலைத் தொடங்கப் பல வழிகள் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களை ஒரு கணம் பூட்டலாம். வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, உடனே வளைவுப் பக்கம் திருப்பி, காரின் எடை சாய்கிற வேகத்திலேயே வாலை வீசலாம். ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்போதே கிளட்சைச் சட்டென மிதித்து, உடனே காலை எடுத்துவிடலாம். எஞ்சின் ஒரு நொடி சீறும், கிளட்ச் திரும்பப் பிடிக்கும்போது அந்த விசை முழுவதும் பின்சக்கரங்களில் போய் இறங்கும்.

அதற்கு அடுத்த கணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வால் விலகியதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் இழுத்துத் திருப்புவார் என்று நினைப்போம். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. உள்ளங்கையைத் தளர்த்தி விட்டுவிடுகிறார்கள். முன்சக்கரங்களுக்குக் கார் போகும் திசையை நோக்கித் தாமாகத் திரும்புகிற குணம் உண்டு. அதனால் ஸ்டீயரிங் தானே கிறுகிறுவென்று சுற்றும். சரியான இடம் வந்ததும் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கைத்திறமை. பிடிக்கத் தாமதமானால் கார் எதிர்ப்பக்கம் எகிறும். வால் அளவுக்கு மீறி வெளியே போனால், முன்சக்கரங்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் கார் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். டிரிஃப்டிங் கார்களில் முன்சக்கரங்கள் சாதாரண கார்களைவிட மிக அதிகமாக, 60 பாகை அளவுக்குக்கூடத் திரும்பும்படி மாற்றியமைப்பது இதற்காகத்தான்.

அப்புறம் வளைவு முடியும்வரை எல்லாம் வலது காலில் இருக்கிறது. பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் டயர் மறுபடியும் தரையைப் பற்றிக்கொள்ளும், கார் எதிர்ப்பக்கம் துள்ளும். சறுக்குகிற காரில் பயம் வந்தால் காலை எடுக்கத்தான் தோன்றும். அந்த இயல்பை வென்றவர்தான் ஓட்டுநர்.

ஜப்பானில் 1970களில், பைக் பந்தயத்திலிருந்து கார் பந்தயத்துக்கு வந்த குனிமிட்சு தகாஹாஷி வளைவுகளில் இப்படி வழுக்கிப் போவதைப் பார்த்து ரசிகர்கள் மயங்கினார்கள். அவரைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகியவர் கெய்ச்சி சுசியா. அவருடைய டொயோட்டா ஏஇ86 கார் அப்படியொன்றும் வேகமான கார் அல்ல, ஆனால் எடை குறைவு, பின்சக்கர இயக்கம். பின்னால் அவரே முன்னின்று தொடங்கிய டி1 கிராண்ட் பிரி என்ற டிரிஃப்டிங் போட்டி, 2001-இல் முறையான தொடராக நடந்தது. அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் தொடரின் முதல் பருவம் 2004. மலைப்பாதை விளையாட்டு இப்படித்தான் மூடிய களத்துக்குள், நடுவர்கள் முன்னிலையில் வந்து சேர்ந்தது. அதுதான் அதற்குரிய இடம்.

நடுவர்கள் பார்ப்பது, கார் குறித்த பாதையில் போகிறதா, எவ்வளவு கோணத்தில் போகிறது, எவ்வளவு துணிச்சலாகவும் சீராகவும் போகிறது என்பதைத்தான். உச்சக்கட்டம் இருவர் மோதும் சுற்று. ஒருவர் முன்னால் போவார், மற்றவர் அவரை ஒட்டிக்கொண்டே அதே கோணத்தில் தொடர வேண்டும். பிறகு இடம் மாறி இன்னொரு ஓட்டம். பின்னால் வருகிறவரின் பாடுதான் பெரும்பாடு. முன்னவர் வேகத்தைக் குறைத்தால் தானும் குறைக்க வேண்டும், ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால் வழுக்கல் நின்றுவிடும். அதனால் வலது கால் ஆக்சிலரேட்டரிலேயே இருக்க, இடது காலால் பிரேக்கை மிதிக்கிறார். பின்சக்கரங்கள் புகை கக்கும்போதே பின்னால் சிவப்பு பிரேக் விளக்கும் எரிவதைப் பார்த்தால், அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். இருவரும் சமமாக ஓட்டியதாக நடுவர்கள் முடிவு செய்தால், இரண்டு ஓட்டங்களையும் மறுபடி நடத்துவார்கள்.

வணக்கம்.