மாமா என்றால் யார்?

நேயர்களுக்கு வணக்கம். காதுகுத்து வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கிறது. ஆசாரி கம்பியை எடுத்ததும் வீறிட்டு அழுகிறது. மாமன் அதன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். அப்பா மடியில் ஏன் உட்கார வைப்பதில்லை? மானிடவியலின் பெரிய வாதம் ஒன்று இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1924-இல், தென்னாப்பிரிக்கச் சமூகங்களை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். அம்மா மேல் இருக்கும் பாசம் அவளோடு பிறந்தவன் மேலும் படர்கிறது. தாய்மாமன் ஓர் 'ஆண் தாய்' என்றார். கேட்டதுமே மனதுக்குப் பிடித்துப்போகும் விளக்கம்.

மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், 1953-இல் இதைத் திருப்பிப் போட்டார். மாமனை அம்மா வழியாக ஏன் பார்க்கிறீர்கள், அவர் அப்பாவின் மச்சான் அல்லவா என்று கேட்டார். நம் பேச்சே அவருக்குச் சாட்சி. அம்மாவின் தம்பி மாமா. அத்தை வீட்டுக்காரரும் மாமா. மாமனாரும் மாமா. அப்பாவின் மச்சான் எனக்கு மாமா. அவர் மகன் எனக்கு மச்சான். கொண்டு கொடுக்கும் உறவு, சொத்தைப் போலவே, தலைமுறை தாண்டி வருகிறது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோ அண்ணன் தங்கைதான். அங்கே கல்யாணப் பேச்சே கிடையாது.

இந்தச் சொற்களை முதலில் உலகுக்குக் காட்டியவர் அமெரிக்கரான மார்கன். வட அமெரிக்காவின் செனகா பழங்குடியினரும் நம்மைப் போலவே சித்தப்பாவை அப்பா என்றே அழைப்பதைக் கண்டு, அவர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என 1871-இல் எழுதினார். அந்தச் சான்று நிற்கவில்லை. செனகா மொழியில் தாய்மாமனும் மாமனாரும் ஒரே சொல் அல்ல.

துய்மோன் சொன்னது பெருமளவு சரி என்பதே என் எண்ணம். ஆனால் அவர் கணக்கில் அப்பாவும் மச்சானும் இருக்கிறார்கள், நடுவில் நிற்கும் பெண் எங்கே? தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து 1990-இல் நூல் எழுதிய மார்கரெட் டிராவிக், அக்கா தம்பி பாசத்தையும் பிரிவின் ஏக்கத்தையும் அந்த இடத்தில் வைத்தார். பிள்ளைகளுக்குள் கல்யாணம் செய்து வைக்கும் ஆசை அந்த ஏக்கத்திலிருந்தே பிறக்கிறது என்றார். பிறந்த வீட்டுச் சீர்த்தட்டு தெருமுனையில் திரும்பும்போது வாசலுக்கு ஓடிவரும் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? டிராவிக் எழுதியது அந்த முகத்தைப் பற்றித்தான்.